இரண்டாவது வளைவு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகையும் இருக்கும். எங்கள் குடும்பத்தில் அந்த எண்களுக்கு வேறொரு கணக்கு உண்டு.

வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் 120 முதல் 134 வரை உள்ள 15 பாட்டுகளுக்கும் ஆரோகண சங்கீதம், அதாவது ஏறும்போது பாடுவது, என்றுதான் தலைப்பு. எருசலேம் மலைமேல் இருக்கிற ஊர். பண்டிகைக்கு அங்கே ஏறிப் போகிறவர்கள் வழிநெடுகப் பாடியவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் மாமனார் மலை பஸ் ஓட்டியவர். முதல் வளைவு வந்தால் 120, இரண்டாவதுக்கு 121 என்று ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே வாய்க்குள் சொல்லுவார். பதின்மூன்றாவதுக்கு வரும் 132இல் மட்டும் 18 வசனம், அது முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பதினைந்தோடு சங்கீதம் தீர்ந்துவிடும். மிச்சம் ஐந்து வளைவுக்கு என்ன மாமா என்று கேட்டேன். "அதுக்கு வாயைத் திறக்கக் கூடாதும்மா, ஆண்டவர் பேசட்டும்" என்றார்.

சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் போய் என் கணவருக்கும் அத்தனையும் மனப்பாடம்.

2021இல் ஒரு நாள் காலையில் காப்பி கொண்டுபோய் எழுப்பினேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை, வலது கால் இரண்டும் அசையவில்லை. பேச வருகிறார், சத்தம்தான் வருகிறது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்றுதான். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். ராத்திரி பத்தரைக்குப் படுத்தவர் எப்போது இப்படியானார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு முழம் தள்ளிப் படுத்து நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு கேள்வியை நான் இரண்டு வருஷம் சுமந்தேன்.

ஜெபக் கூட்டத்தில் ஒருவர், வீட்டில் விசுவாசம் குறைந்தால் இப்படி வரும் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது 121ஆம் சங்கீதம்தான். "உன்னைக் காக்கிறவர் உறங்கார்." சரி ஆண்டவரே, நீர் உறங்கவில்லை, நான்தான் உறங்கினேன். உறங்காத நீர் என்னை ஒரு தட்டு தட்டி எழுப்பியிருக்கக் கூடாதா? அந்தப் பக்கத்தைப் பல மாதம் நான் திறக்கவே இல்லை.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து கொலுசு வாங்கிவந்து வீட்டிலேயே சலங்கை முத்து மாட்டிக் கொடுப்பது என் வேலை. பகலில் அவரைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும், கொலுசை எடுப்பது ராத்திரிதான். டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, நுனி மெலிந்த குறடால் வளையத்தின் வாயைத் திறந்து, முத்தை விட்டு, மறுபடி அமுக்கி மூடுவேன். ஒரு வளையம் வாய் மூடாமல் நின்றாலும் துணியில் மாட்டிக்கொண்டு கொலுசு திரும்பி வந்துவிடும், கூலி கிடையாது. பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று எழுந்து அவரைப் புரட்டுவேன். மறுபடி வந்து உட்காருவேன். தெருவே தூங்கும்.

அப்படி ஒரு நாள் இரண்டு மணி இருக்கும். கூட யாரோ விழித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. தரிசனம் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, நான் மாட்டுகிற முத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. பயமே வரவில்லை. அன்றைக்குத்தான் மறுபடி ஜெபித்தேன். என் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்றால் இல்லை. ஆனால் அதைக் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்பது அன்றைக்கு உறுதியானது.

பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவருடைய திருவிவிலியத்தில் அதே 121ஐக் காட்டினார். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று நிச்சயமாகத் தொடங்கும். அவர்களுடையதில் அது கேள்வி: "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" சங்கீதக்காரனும் கேட்டுவிட்டுத்தான் ஏறியிருக்கிறான் என்று நினைத்தபோது மனசு லேசானது.

அதற்குள் என் கணவர் தடி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. என் பெயரைச் சொல்ல முயன்று, வராமல், கண் கலங்கிவிடுவார். பேச்சு வராதவர்களுக்கும் மனப்பாடமான பாட்டும் ஜெபமும் சில நேரம் தானாக வரும் என்று பிசியோதெரபி சொல்லிக் கொடுத்த தம்பி சொன்னார். அதைக் கேட்டதும்தான் மலைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினோம். கண்டக்டரே தூக்கி ஏற்றி, முன் இருக்கையில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம். முதல் வளைவில் நான்தான் 120ஐத் தொடங்கினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வளைவில் என் கையைப் பிடித்து அமுக்கினார். நான் நிறுத்தினேன். "உன்னை... காக்கிறவர்..." என்று இழுத்து, மூச்சு வாங்கி, "உறங்கார்" என்றார். குழறல் இல்லை. தெளிவாக, மாமாவின் அதே ராகத்தில்.

அதற்குப் பிறகு விட்டு விட்டு வந்தது. பதினொன்றில் "ஆழங்களிலிருந்து" மட்டும். பதினாலில் எர்மோன் மலைப் பனி என்று வரும் இடத்தில் நிஜமாகவே பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவர் மடியில் இறங்கியது. பதினைந்துக்குப் பிறகு இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடி சுற்றின மரங்களும் பின்னால் போய்க்கொண்டே இருந்தன.

ஏற்காட்டில் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு ஆட்டோவில் போனோம். அவரால் முழங்கால் போட முடியாது. நான் போட்டேன், அவர் பெஞ்சில் உட்கார்ந்தபடி இடது கையை என் தலைமேல் வைத்துக்கொண்டார். என்ன ஜெபித்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

சாயங்காலம் லேடீஸ் சீட்டுக்குப் போனோம். அங்கிருந்து பார்த்தால் கீழே சேலம் முழுவதும் தெரியும். இருட்ட இருட்ட ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது. அந்தப் புள்ளிகளில் எத்தனை வீட்டில் இன்றைக்கு ராத்திரி யாரோ ஒருவர் நோயாளிக்குப் பக்கத்தில் விழித்திருக்கப் போகிறார்களோ! அவர்களுக்காகவும் அங்கேயே நின்று ஜெபித்தோம்.

இறங்குகிற பஸ்ஸில் எண் தலைகீழாக வரும். அவர் பதினைந்தில் 134ஐ முணுமுணுக்க ஆரம்பித்தார், இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கிறவர்களின் பாட்டு அது. எட்டாவது வளைவு வரைக்கும் கேட்டது நினைவிருக்கிறது. "தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று 127இல் வரும்.

அடிவாரத்தில் கண்டக்டர் எழுப்பினார். நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். என் சேலைத் தலைப்பை எடுத்து இடது கையால் என் காதை மூடி, பனிக்காற்று படாமல் பிடித்துக்கொண்டு அவர் விழித்திருந்தார். இரண்டாவது வளைவு எப்போது கடந்தது என்று எனக்குத் தெரியாது.