கத்தி யார் கையில்? ஒரு கொள்ளை வழக்கின் நாட்குறிப்பு

ஜூன் 10, 2025

இங்கே வரும் வழக்கு ஜூனியர் வக்கீல்களுக்காகக் கட்டியது. ஆட்கள் கற்பனை, சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் நிஜம்.

மாலை ஏழரை மணி, மளிகைக் கடை. இரண்டு பேர் நுழைகிறார்கள். ஒருவன் கத்தியைக் காட்ட, மற்றவன் கல்லாவிலிருந்து 14,000 ரூபாயை அள்ளுகிறான். கடைக்காரருக்குக் கண்புரை. ஆள் நின்றது தெரிந்ததே தவிர முகம் பிடிபடவில்லை. முழுதாகப் பார்த்தது அவருடைய எட்டு வயதுப் பேத்தி மட்டும். இரவே இரண்டு பேர் பிடிபட்டார்கள்: ஒருவனுக்கு 22, மற்றவனுக்கு 17.

ஜூன் 11

பதினேழு வயதுப் பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. குழந்தைகள் நல காவல் அலுவலர் பொறுப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சிறார் மட்டும் சம்பந்தப்பட்டு, குற்றமும் கொடுங்குற்ற வகையில் வராவிட்டால் எஃப்.ஐ.ஆர். கிடையாது, பொது நாட்குறிப்பில் பதிந்து சமூகப் பின்னணி அறிக்கை எழுதினால் போதும் என்கின்றன இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள். இங்கே கூடவே ஒரு மேஜர் (18 வயது நிரம்பியவன்) இருப்பதால் எஃப்.ஐ.ஆர். உண்டு.

அதில் ஸ்டேஷனில் போட்ட பிரிவுகள்: பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 309(4), 311, கூடவே 3(5). நான் முதலில் விரல் வைப்பது 311-இல்தான். 309(4) வெறும் கொள்ளை. அதிகபட்சம் பத்தாண்டு, குறைந்தபட்சத் தண்டனை இல்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு அது 'கடுங்குற்றம்' என்ற வகையில் அடங்கும். குழுமமே விசாரித்து முடிக்கும். கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்திய கொள்ளைக்கான 311-இல் ஏழாண்டுக்குக் குறையாத தண்டனை. குறைந்தபட்சம் ஏழு வந்தாலே அது 'கொடுங்குற்றம்'. பதினாறு வயது தாண்டியவனாக இருந்தால் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவின் முதற்கட்ட மதிப்பீடு (மேஜரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் பார்ப்பது), அங்கிருந்து குழந்தைகள் நீதிமன்றம் வரை கதவு திறந்துவிடும்.

ஆனால் 311 கூட்டாளிக்கெல்லாம் ஒட்டாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 397-ஐ வைத்து 1975-இல் பூல் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆயுதத்தைப் பயன்படுத்தியவனுக்கு மட்டுமே அந்தப் பிரிவு. 2021-இல் ராம் ரத்தன் தீர்ப்பும் அதையே சொன்னது. பொது நோக்கம் என்று 3(5)-ஐச் சேர்த்து இழுத்தாலும் வராது. இன்னொன்று, கத்தியால் குத்த வேண்டியதில்லை. எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி காட்டினாலே பயன்படுத்தியதாகும்.

ஆகக் கத்தி பையன் கையிலா, பெரியவன் கையிலா? பதில் எட்டு வயதுக் குழந்தையிடம் இருக்கிறது.

ஜூன் 12

அந்தப் பதிலை யார், எப்படிக் கேட்டார்கள்? இந்தச் சாட்சியை ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது, பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளையும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 179). 180-இன்படி பதியும் வாக்குமூலத்தை ஆடியோ, வீடியோவாக எடுக்கலாம். எடுத்துவிடுங்கள். குழந்தை என்ன சொன்னாள் என்பதைவிட, அவளிடம் என்ன கேட்டார்கள் என்று பின்னால் காட்ட உதவும்.

"கத்தி வெச்சிருந்தது செவப்புச் சட்டை அண்ணன்தானே பாப்பா?" இந்த ஒரு கேள்வி வழக்கைக் கெடுத்துவிடும். அவள் தலையாட்டுவாள். "செவப்பா, நீலமா?" என்று கேட்டாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் தீருவாள், இரண்டும் இல்லாவிட்டாலும்கூட. அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று பதிலை மாற்றுவாள். கேட்க வேண்டியது இப்படி: "கடைல என்ன நடந்துச்சுன்னு மொதல்லேருந்து சொல்லு கண்ணு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம், தப்பில்ல." பிறகு, "அப்புறம்?" நடுவில் புகுந்து திருத்தாதீர்கள்.

கத்தியைப் பார்த்த கண் கத்தியிலேயே நிற்கும். முகம் மங்கலாகப் பதியும். பெரியவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே பிடித்திருந்த கை, சட்டைக் கை நீளம், வாட்ச், நின்ற இடம் ஆகியவை அவள் தானாகச் சொன்னால் மதிப்பு அதிகம்.

ஜூன் 16

வயது. ஆதாரை நீட்டினார்கள். அது வயதுச் சான்றாகாது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டி.சி.-யும் போதாது. தமிழ்நாட்டிலிருந்து போன யுவபிரகாஷ் வழக்கில் (2023) மாற்றுச் சான்றிதழை இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு கேட்கும் ஆவணமாக ஏற்கவில்லை. வரிசை இதுதான்: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்புச் சோதனை. உத்தரவு வந்த 15 நாளில் சோதனை முடிய வேண்டும். பார்ப்பது சம்பவ நாளன்று இருந்த வயதை.

ஜாமீன் மனுவை இதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி விடுவிப்பதுதான் விதி, கூர்நோக்கு இல்லம் விதிவிலக்கு.

ஜூன் 23

அடையாள அணிவகுப்பு. மாஜிஸ்ட்ரேட் நடத்துவார், போலீஸ் வெளியே. பதினேழு வயதுக்காரனோடு முப்பது வயது மீசைக்காரர்களை நிறுத்தினால் அது அணிவகுப்பே அல்ல. வயது, உயரம், நிறம் ஒத்த பையன்கள் வேண்டும். உண்மையான ஆள் வரிசையில் இல்லாதபோதும் குழந்தைகள் யாரையாவது காட்டிவிடுவார்கள் என்பது ஆய்வுகளில் தொடர்ந்து வருவது. "அவங்க இங்க இல்லாமலும் இருக்கலாம், யாரையும் காட்டணும்னு இல்ல" என்று முன்பே சொல்லி, சொன்னதையும் பதிய வேண்டும்.

பையனின் படம் ஏற்கெனவே ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியிருந்தால் இந்த வேலையே வீண். சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாட்சிக் குழந்தையின் பெயருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. செய்தி போடுகிறவர்கள் இந்த இரண்டாவதைத்தான் மறக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6

முதற்கட்ட மதிப்பீடு. பையன் குற்றம் செய்தானா என்று பார்ப்பதல்ல இது. செய்யும் மன, உடல் திறன், விளைவை உணரும் திறன், சூழ்நிலை, இவ்வளவுதான். குழுமத்தில் குழந்தை உளவியல் அல்லது மனநலப் பட்டம் பெற்றவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் (பருண் சந்திர தாக்கூர் வழக்கு, 2022). அரை மணி நேரக் கேள்வி பதிலில் தயாரான அறிக்கை வந்தால் ஆட்சேபியுங்கள். மூன்று மாதக் கெடு கடந்தாலே உத்தரவு செல்லாது என்று வாதாடிப் பயனில்லை. அது வழிகாட்டும் கெடுதான் என்று 2024-இல் தீர்ப்பாகிவிட்டது.

நம் வழக்கில் குழந்தையின் முதல் பதிவு, "பெரிய அண்ணா கத்தி புடிச்சாரு, சின்ன அண்ணா பெட்டிய எடுத்தாரு." பையனுக்கு 311 ஏன் என்ற மனுவை மதிப்பீட்டுக்கு முன்பே போட வேண்டும். 311 நீங்கிவிட்டால் மதிப்பீடே தேவையில்லை. சம்மன் வழக்கு நடைமுறையில் விசாரணை. நிரூபணமானாலும் அறிவுரை, சமூகப் பணி, நன்னடத்தையில் விடுவித்தல், அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லம்.

நவம்பர் 19

சிறாரையும் மேஜரையும் ஒன்றாக விசாரிக்க முடியாது (இளைஞர் நீதிச் சட்டம், 23-ஆம் பிரிவு). குழந்தைக்கு இதுதான் பாரம். போலீஸ், மாஜிஸ்ட்ரேட் முன் பி.என்.எஸ்.எஸ். 183-இன்படி வாக்குமூலம், அணிவகுப்பு, குழுமம், இப்போது 22 வயதுக்காரனுக்காக செஷன்ஸ் கோர்ட். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் நகரும். குறுக்கு விசாரணையில் முந்தைய வாக்குமூலத்தைக் காட்டிக் கேட்க விடும் சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 148-ஐ வைத்து அந்த நகர்வைப் பிடிப்பார்கள்.

நீதிபதி முதலில் சில கேள்விகள் கேட்டு, குழந்தைக்குப் புரிகிறதா, பதில் சொல்ல முடிகிறதா என்று பார்த்து, கேள்வி பதிலை அப்படியே பதிய வேண்டும் (பிரதீப் வழக்கு, 2023). "எந்த ஸ்கூல்?" என்று மட்டும் கேட்டு விட்டுவிட்டால் அப்பீலில் அடிபடும். பொய்க்கும் உண்மைக்கும் வித்தியாசம் தெரியுமா என்றும் கேட்க வேண்டும். பன்னிரண்டுக்குக் கீழே இருப்பதால், உண்மை சொல்லும் கடமை புரிந்து, சத்தியப் பிரமாணம் என்னவென்று புரியாவிட்டால் பிரமாணம் இல்லாமலே சாட்சி எடுக்கலாம்.

சொல்லிக் கொடுத்த சாட்சி என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான வாதம். 2025 பிப்ரவரியில் வந்த பல்வீர் சிங் தீர்ப்பின்படி, சொல்லிக் கொடுத்த பகுதியைப் பிரித்தெடுக்க முடிந்தால் மீதியை நம்பலாம். துணைச் சான்று இருந்தே ஆக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. "வக்கீல் மாமா இப்படிச் சொல்லச் சொன்னாரா?" "ஆமா." இதோடு குறுக்கு விசாரணையை முடித்துக்கொள்வார்கள். அரசு வழக்கறிஞர் மறு விசாரணையில் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "மாமா என்ன சொன்னாரு கண்ணு?" பல நேரம் வரும் பதில், "பயப்படாம நடந்ததச் சொல்லுன்னு சொன்னாரு."