ஓடும் நாடாவை இரண்டு கேமராவால் அளந்து பார்த்தது

விசைத்தறியில், குறுக்கே போகும் ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டைதான் நாடா. அது நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வேகத்தில் பாவுக்குள், அதாவது நீள வாட்டில் இழுத்துக் கட்டிய நூல்களுக்குள், பாய்கிறது. கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் எங்கள் மாமாவின் தறிக் குடோனில் அதன் வேகத்தையும் பாதையையும் சேர்த்து அளக்கும் வேலையில் கொஞ்ச காலமாக இருக்கிறேன். இப்போது நம்பக்கூடிய எண்கள் வரத் தொடங்கிவிட்டன.

ஒரு கேமரா போதாதா? நாடா இடம் வலமாக மட்டும் ஓடினால் போதும். ஆனால் அது ஓடுகிற ஸ்லே, அதாவது நாடாவுக்குப் பாதையாக இருக்கும் ஆடும் சட்டம், ஓரிடத்தில் நிற்பதில்லை. நாடா கடக்கும்போதே ஊடை நூலை நெருக்கும் சீப்பு போன்ற அச்சோடு சேர்ந்து பின்னால் போய் முன்னால் திரும்புகிறது. கேமராவுக்கும் நாடாவுக்கும் இடையே தூரம் மாறினால், படத்தில் ஒரு பிக்சல் என்பது எத்தனை மில்லிமீட்டர் என்பதும் மாறிவிடும். அதனால் ஆழமும் தெரிந்தாக வேண்டும். அதற்கு இரண்டு கண் வேண்டும்.

இரண்டிலும் ஓவி9281 சென்சார். 1280×800 பிக்சலில் நொடிக்கு 120 படம் எடுக்கும், படம் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டர் வகை. போன் கேமராவில் இருப்பது ரோலிங் ஷட்டர். வரி வரியாகப் படிப்பதால் வேகமாக ஓடும் பொருள் சாய்ந்து விழுகிறது, அளவுக்கு ஆகாது. 6 மி.மீ. லென்ஸ் மாட்டி, ஒரே அலுமினியச் சதுரக் குழாயில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டையும் இறுக்கினேன். தறியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால், இரண்டு படங்களுக்கும் இடையிலான நகர்வு ஒரு பிக்சல் மாறும்போது ஆழம் 3.75 மி.மீ. மாறுகிறது. இடைவெளி 10 செ.மீ. ஆக இருந்தால் அதே ஒரு பிக்சல் 11 மி.மீ.க்கு மேல் போய்விடும். புள்ளியின் மையத்தை ஐந்தில் ஒரு பிக்சல் வரை கணக்கிட முடிவதால் ஒரு மி.மீ.க்குள் வருகிறது. இடைவெளியை இன்னும் கூட்டலாம், ஆனால் இரண்டும் சேர்ந்து பார்க்கிற இடம் குறையும். இப்போது அது 66 செ.மீ., ஒரு பாய்ச்சலுக்கு ஆறு படம்தான் கிடைக்கிறது.

ஒளி அடுத்தது. நொடிக்கு 12 மீட்டரில் போகும் நாடா ஆயிரத்தில் ஒரு நொடியில் 12 மி.மீ. நகர்ந்துவிடும், படத்தில் வெறும் கோடுதான் மிஞ்சும். எக்ஸ்போஷரை 50 மைக்ரோ நொடிக்கு இறக்கினால் மங்கல் 0.6 மி.மீ. ஆனால் அவ்வளவு குறைந்த நேரத்தில் படம் இருண்டு போகும். டிராக்டர் டிரெய்லரின் பின்னால் ஒட்டுகிற ஒளி திருப்பும் ஸ்டிக்கரை வெட்டி நாடா மேல் இரண்டு புள்ளியாக ஒட்டினேன். அது வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பும் என்பதால் ஒவ்வொரு லென்ஸைச் சுற்றியும் எல்இடி வளையம் வைத்தேன். பாவு நூல்களுக்கு இடையிலும் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. எல்இடிக்கு பேட்டரி மின்சாரம். குடோன் டியூப்லைட் நொடிக்கு நூறு முறை துடிப்பதால் அதை நம்ப முடியாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது: நேரம். லென்ஸை விட, பிக்சலை விட, இரண்டு கேமராவும் ஒரே கணத்தில் கண் திறப்பதுதான் எல்லாவற்றுக்கும் மேல். அவற்றை அதனதன் போக்கில் ஓட விட்டால் அரைப் படம், அதாவது 4 மில்லி நொடி விலகலாம். அதற்குள் நாடா 48 மி.மீ. ஓடிவிடும். படத்தில் அது 64 பிக்சல், ஆழத்தில் ஏறக்குறைய கால் மீட்டர் பிழை. ஸ்லேயின் அசைவையே அளக்க நினைக்கும்போது அதைவிடப் பெரிய பொய் ஆழம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை 1922இல் ஜெர்மனியின் கார்ல் புல்ஃப்ரிச் மனிதக் கண்ணை வைத்தே விளக்கியிருக்கிறார். ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், நேர்கோட்டில் ஆடும் ஊசல் நீள்வட்டத்தில் சுற்றுவதாகத் தெரியும். இருண்ட கண்ணின் செய்தி மூளைக்குத் தாமதமாகப் போவதே காரணம். அவருக்கோ ஒரு கண்ணில் பார்வை இல்லை, தான் விளக்கியதைத் தானே பார்க்க முடியாதவர்.

அதையே சோதனையாக்கினேன். கொத்தனாரின் தூக்குக்குண்டை ஒரு மீட்டர் நூலில் கட்டி, கேமராக் குழாய்க்கு இணையாக ஆட விட்டேன். கேமராக்களை வேண்டுமென்றே தனித்தனியாக ஓட விட்டபோது, கணினி வரைந்த பாதை நல்ல நீள்வட்டம். பைக்கோ என்ற சின்னக் கணினிப் பலகையிலிருந்து ஒரே மின் துடிப்பை, படம் எடுக்கச் சொல்லும் டிரிக்கர் முனை இரண்டுக்கும் கொடுத்தேன், நீள்வட்டம் கோடாக ஒடுங்கியது. ஸ்டீரியோ, அதாவது இரட்டைக் கேமரா, வைத்து அளக்கிற யாரும் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஒரு குண்டும் நூலும்தான் செலவு.

கேலிபரேஷனுக்கு, அதாவது பிக்சலை மில்லிமீட்டரோடு பொருத்த, ஓப்பன்சிவி என்ற இலவச மென்பொருளில் இருக்கும் செஸ்போர்டு முறை, 2000இல் ஜெங்யூ ஜாங் வெளியிட்ட வழி. கட்டம் அச்சிட்ட தாளை அட்டையில் ஒட்டாமல் தடித்த கண்ணாடியில் ஒட்டுங்கள். அட்டை வளையும். அளவு சரிதானா என்று பார்க்க ஒரு இரும்புக் குண்டைக் கீழே போட்டேன். 60 செ.மீ. விழ 0.35 நொடி, 42 படம். வந்த முடுக்கத்தைப் பாடப்புத்தகத்து 9.81 உடன் ஒப்பிடக் கூடாது. நிலநடுக்கோட்டுக்கு 11 பாகை தள்ளி, 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பக்கம் அது 9.78. எனக்கு வந்தவை அதை ஒட்டியே இருந்தன.

அப்புறம் தறி. நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றி வைத்த குழல்தான் தார். மாமாவுக்கு ஒரு கேள்வி: “ஏம் மாப்ள, தார் தீரத் தீர நாடா வேகம் புடிக்கற மாதிரி சத்தம் கேக்குது, அது நெசந்தானா?”

“அளந்து சொல்றனுங்க மாமா.”

நாடாவைத் தறி அடித்து அனுப்பும் ஒவ்வொரு தட்டையும் அடி என்போம். வலப்பக்க அடியில் நொடிக்கு 11.9 மீட்டர், இடப்பக்க அடியில் 11.3 என்ற அளவில் வருகிறது. நாடா மேல் ஒட்டிய இரண்டு புள்ளிக்கும் இடையே 150 மி.மீ. என்று ஸ்கேலில் பார்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு படத்திலும் அது அரை மி.மீ.க்குள் அப்படியே வருவதால் இந்த இட வல வித்தியாசத்தை நம்புகிறேன். மாமா பெல்ட்டைப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் தளர்ந்திருக்கிறது என்றார். தார் விஷயத்தில் இன்னும் பதில் இல்லை. தார் நிறைந்திருக்கும்போதும் தீரும்போதும் வருகிற வித்தியாசத்தை விட, அடுத்தடுத்த அடிகளுக்குள் வருகிற வித்தியாசமே பெரிதாக இருக்கிறது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: நாடா ஓடும் நேர்கோட்டில், தறியின் இரு ஓரங்களிலும் நிற்காதீர்கள். நாடா தெறித்து வெளியே வந்தால் கண் போகும். முன்பக்கமிருந்தே எடுங்கள்.

அடுத்து தறியின் கிராங்க் தண்டில் ஒரு காந்தமும், காந்தம் அருகே வந்தால் துடிப்புக் கொடுக்கும் ஹால் சென்சாரும் வைத்து, அந்தத் துடிப்பையும் இதே பைக்கோவில் பதிய இருக்கிறேன். தண்டு எந்தக் கோணத்தில் இருக்கும்போது நாடா கிளம்புகிறது என்று தெரிந்தால் அடிக்கு அடி வரும் வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்கலாம், தார் கேள்விக்கும் திரும்ப வரலாம்.