கோணேசர் ஏற்றம்

இன்று காலை திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், புதுச் சப்பாத்து அணிந்த ஒருவர் பாதியில் நின்று, மனைவி கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

பேச்சு வராத அந்த மூச்சுத்தான் நடைப்பயிற்சி தொடங்குவதைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது.

நடக்கும்போது பேச முடிந்து பாட முடியாவிட்டால் அது மிதமான உடலுழைப்பு. சில சொற்களுக்கே மூச்சு வாங்கினால் கடுமையானது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைத்தாலும், அதை முதல் வாரத்திலேயே எட்டவேண்டியதில்லை.

சப்பாத்து வாங்குமுன் நம்மை நாமே கேட்கவேண்டியவை வேறு: நெஞ்சு நோகிறதா, தலைசுற்றி விழுந்ததுண்டா, இதயத்துக்கோ பிரஷருக்கோ மருந்து எடுக்கிறோமா, நடந்தால் கூடும் மூட்டு நோவு உண்டா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் முதலில் வைத்தியரிடம் கதைக்கவேண்டும். (நம்மவர்கள் சீனி வருத்தத்தைக் கேட்டாலொழியச் சொல்லமாட்டார்கள்.)

எல்லாவற்றுக்கும் இல்லை என்பவர், இந்த ஏற்றத்தைப் பிறகு பார்த்துக்கொண்டு, டச்பே கடற்கரையோரச் சமதரையில் பத்து நிமிடத்துடன் தொடங்கலாம்.