பாலாறு ஓடுனப்போ நான் நிஸ்வாவுல இருந்தேன்

போன வாரம் ஒன்பதாம் கிளாஸுக்கு டிரெய்னேஜ், அதாவது ஆறுகளைப் பத்தின பாடம் நடத்திட்டு இருந்தேன். மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவேரின்னு எல்லாத்தையும் போர்டுல போட்டு முடிச்சேன். புக்ல இல்லாத ஒண்ணையும் சொல்லுவோமேன்னு தோணுச்சு. எங்க ஊர்லயும் ஒரு ஆறு இருக்கு, பாலாறுன்னு பேரு, கர்நாடகாவுல நந்தி மலைப்பக்கம் பொறந்து ஆந்திரா வழியா எங்க வேலூருக்கு வந்து அப்புறம் வயலூர் கிட்ட கடல்ல சேருது, மொத்தம் 348 கிலோமீட்டர்னு சொன்னேன். பின்னாடி பெஞ்சுல ஒரு பையன் கை தூக்கினான். கேரளாக்காரப் பையன், ஆனா பொறந்து வளந்தது எல்லாம் இங்க ஓமன்ல தான்.

"வருசம் பூரா தண்ணி போகுமா மேம்?"

இல்லப்பா, மழை பேஞ்சா தான்.

"எல்லா வருசமும் போகுமா?"

அதுவும் இல்ல.

"அப்ப அது ரிவர் இல்ல மேம், வாடி."

அவன் மரியாதை கொறைச்சலா சொல்லல. நான் சொல்லிக் குடுத்த பாடத்தை வச்சே சரியா யோசிச்சு சொன்னான். ஆனா எனக்கு நெஞ்சுல சுருக்குனு ஆயிடுச்சு. பெல் அடிச்சு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து டீயை முன்னாடி வச்சுட்டு உக்காந்திருக்கேன், டீ ஆறி ஆடை கட்டிடுச்சு.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், வாடின்னா இங்க மழை பேஞ்சா மட்டும் வெள்ளம் வர்ற வறண்ட ஆத்துப்படுகை. நான் இருக்கிற நிஸ்வா ஊருக்கு நடுவுலயே ஒரு வாடி போகுது, கோட்டைக்கும் மார்க்கெட்டுக்கும் பக்கத்துல, மத்த நாள்ல அதுக்குள்ளயே வண்டி நிறுத்திட்டு ஜனங்க சாமான் வாங்கப் போவாங்க. வந்த புதுசுல எனக்கு அது வித்தியாசமாவே தெரியல. வேலூர்ல பொறந்தவளுக்கு ஆத்துக்குள்ள வண்டி நிக்கறது, பசங்க கிரிக்கெட் ஆடுறது, மாடு மேயறது எல்லாம் பாத்துப் பழகின காட்சி தானே. எங்க ஊரைப் பத்தி சொல்ற சொலவடையிலயே ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல, கோயில் இருக்கு சாமி இல்லன்னு வரும். சாமி கூட 1981ல ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்ப வந்துடுச்சு. தண்ணி தான் வரல.

நான் 2019 ஏப்ரல்ல வந்தேன். வீட்டுக்காரர் இங்க ஏற்கனவே ஒரு கம்பெனியில சைட் சூப்பர்வைசர், நான் பள்ளிகொண்டா பக்கத்துல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல சோஷியல் டீச்சரா இருந்தேன். பி.எட் சர்டிபிகேட் இங்க செல்லறதுக்காக அதுக்குப் பின்னாடி அட்டெஸ்டேஷன் ஸ்டிக்கர் ஒட்ட அலைஞ்சது, மெடிக்கலுக்கு வரிசையில நின்னது எல்லாம் இப்ப யோசிச்சா யாருக்கோ நடந்த மாதிரி இருக்கு. நான் கெளம்பறப்போ வேலூர் ஒரே மாவட்டம். அதே வருசம் மூணாப் பிரிச்சாங்க, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர்ல போயிடுச்சு, ஆற்காடு ராணிப்பேட்டையில போயிடுச்சு. வீட்டை விட்டு வந்தப்புறம் பாகம் பிரிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

இங்க ஞாயித்துக்கெழம ஸ்கூல், வெள்ளி சனி லீவு. முதல் ஒரு வருசம் ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்குள்ள ஸ்கூல்ல போய் நிக்கறப்போ வீட்ல கறி வெந்துட்டு இருக்கும்னு நெனப்பு வரும், இப்ப வெள்ளிக்கெழம கறி எடுக்கப் பழகிட்டோம். வெள்ளிக்கெழம காலைல நிஸ்வாவுல ஆட்டுச் சந்தை. வட்டமா ஜனம் நிக்க, விக்கிறவர் ஆட்டைப் புடிச்சுட்டு விலையைக் கூவிக்கிட்டே சுத்தி சுத்தி வருவார். எனக்கு அங்க போனா பொய்கை செவ்வாக்கெழம மாட்டுச் சந்தை தான். அங்க எங்க நைனா, அதான் அப்பா, துண்டுக்குள்ள கையை வுட்டு வெரலைப் புடிச்சு விலை பேசுவாரு, வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. இதெல்லாம் பழகிடுச்சு, வெயிலும் பழகிடுச்சு, கத்திரியில வேலூர்ல வெந்தவங்களுக்கு வெயில் ஒரு விசயமே இல்ல.

பழகாதது தண்ணி தான்.

இந்த ஊர்ல ஃபலஜ்னு ஒரு வாய்க்கால் முறை இருக்கு. நிலத்தடித் தண்ணியை சரிவு பாத்து வாய்க்கால் வெட்டி, மோட்டார் எதுவும் இல்லாம பேரீச்சைத் தோப்பு வரைக்கும் கொண்டு வந்துடறாங்க. நிஸ்வாவுல ஃபலஜ் தாரிஸ் பெரிய வாய்க்கால், 2006ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த அஞ்சு ஃபலஜ்ல அதுவும் ஒண்ணு. பகல்ல வெயில் நெழலைப் பாத்தும் ராத்திரியில நட்சத்திரத்தைப் பாத்தும் யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணின்னு அந்தக் காலத்துல பங்கு போட்டிருக்காங்க. முதல் தடவை அந்த வாய்க்கால் ஓரம் உக்காந்து காலை உள்ள வுட்டப்போ நைனாவுக்கு போன் போட்டு விவரம் சொன்னேன். அவர் ரொம்ப சாதாரணமா, "இன்னாமா இது, நம்ம ஊத்துக்கால்வா தானே"ன்னாரு.

ஆமா. பாலாத்துல மேல தண்ணி போகாட்டியும் மணலுக்கு அடியில போய்க்கினே இருக்கும், அந்த ஊத்தை வெட்டி கால்வாயா இழுத்து வந்து தான் எங்க பக்கம் நெல்லும் கரும்பும் வெளைஞ்சது. முறை வச்சுத் தண்ணி வுட நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருந்தாரு. எனக்கு விவரம் தெரியறதுக்குள்ள கால்வா தூந்து போச்சு. ஆனா ஊத்து எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பங்குனி சித்திரையில அம்மா கூட கொடம் எடுத்துட்டு ஆத்துக்குப் போவேன். மொழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டுனா ஓரம் ஈரமாகும், அப்புறம் அடியில கசியும். மொதல்ல கலங்கலா தான் வரும், கொட்டாங்குச்சியால மொண்டு மொண்டு வெளிய ஊத்தணும், நாலஞ்சு தடவை எறைச்சப்புறம் தெளியும், அப்ப குனிஞ்சு பாத்தா அடியில சின்னச் சின்ன மணல் துள்ளிக்கிட்டே இருக்கும். அந்தத் துள்ளல் தான் ஊத்துக்கண். கையை வச்சா சில்லுனு இருக்கும். அது மேல மெதுவா கொட்டாங்குச்சியை வச்சு மொண்டு கொடத்தை ரொப்புவோம். அப்புறம் லாரி லாரியா மணலை அள்ளிட்டுப் போனாங்க, தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடித் தண்ணியில எறங்குச்சு, இப்ப தோண்டுனா களிமண்ணும் கோரையும் தான். வாடின்னு அந்தப் பையன் சொன்னப்போ எனக்கு அந்தத் துள்ளல் தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அடியில ஓடுனா அது ஆறு இல்லையா?

சரி, 2021க்கு வரேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதறேன். அந்த வருசம் அக்டோபர் 3ந்தேதி ஷாஹீன் புயல் ஓமன் வடக்குக் கரையில ஏறுச்சு. சுவைக், காபூரா பக்கம் எல்லாம் நல்ல சேதம். எங்களுக்கு ஸ்கூல் லீவு வுட்டாங்க, அவ்வளவு தான். அந்த சமயம் அம்மாகிட்ட போன்ல, வாடி வந்துடுச்சு, யாரும் வெளிய போகக் கூடாதாம்னு சொன்னேன். "யாருடி வந்தா, யாரை வாடின்ற?"ன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது.

அடுத்த மாசம் எங்க ஊர்ல மழை. நவம்பர்ல ஒரு வெள்ளிக்கெழம காலைல வெங்காயம் அரிஞ்சுட்டு இருக்கேன், நைனா வீடியோ கால். மூஞ்சி தெரியல, ஒரே பழுப்பு நெறமா ஏதோ ஆடுது. குடியாத்தம் போற பாலத்து மேல நின்னு போனை ஆத்துக்கு நேரா நீட்டிப் புடிச்சிருக்காரு. சத்தம் தான் மொதல்ல புரிஞ்சுது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தண்ணி, மரம் முழுசா வேரோட அடிச்சுக்கினு வருது, பாலம் பூரா ஜனம், மஞ்சள் குங்குமம் பூவெல்லாம் தூவறாங்க, ஒரு ஆயா கையெடுத்துக் கும்புட்டு அழுவுறாங்க. "பாருமா, பாருமா"ன்னு மட்டும் தான் நைனா சொல்லிக்கினே இருந்தாரு. 1903 நவம்பர்ல வாணியம்பாடியையே அடிச்சுட்டுப் போன வெள்ளத்தைப் பத்தி அவருக்கு அவங்க தாத்தா சொன்ன கதையை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பாரு, அந்த நெனவுத்தூண் இன்னும் வாணியம்பாடியில நிக்குது. அப்படி ஒரு தண்ணியை அவரு கண்ணால பாக்கறாரு. அவருக்கு எழுபது வயசு.

நான் பொறந்ததுல இருந்து ஆத்தங்கரையில முப்பத்து நாலு வருசம் இருந்தேன். எப்பவாவது ஒரு ஓரமா கொஞ்சம் ஓடும், ஓடிப்போய்ப் பாப்போம், ரெண்டு நாள்ல நின்னுடும். கரை தொட்டு ஓடுனதை நான் பாத்ததே இல்ல. அது ஓடுன வருசம் நான் ரெண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டர் கிட்ட தள்ளி, அஞ்சரை இஞ்சு போன்ல, நடுநடுவுல நெட் நின்னு நின்னு வர்ற வீடியோவுல பாக்கறேன். சம்பளம், லீவு, டிக்கெட், எதுலயும் எனக்குப் பெருசா குறை கெடையாது. கல்யாணம் கருமாதி தப்பிப் போனது கூட மனசு ஆறிடுச்சு. இது ஒண்ணு மட்டும் ஆறவே மாட்டேங்குது. லீவு கேட்டுப் போயிருக்கலாமான்னா, ஆறு வருதுன்னு யாரும் ஒரு வாரம் முன்னாடி பத்திரிக்கை வைக்கலையே.

இங்க வாடி வந்தா ஜனங்க வண்டியை ஓரங்கட்டிட்டு எறங்கி நின்னு பாப்பாங்க, நானும் போய் நின்னிருக்கேன். ஆனா 2024 ஏப்ரல் 14க்கு அப்புறம் மனசு வரல. அன்னிக்கு சமத் அல் ஷான் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க போன வண்டியை வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு. ஞாயித்துக்கெழம, நாங்களும் ஸ்கூல்ல தான் இருந்தோம், ஒவ்வொரு பிள்ளையையும் பெத்தவங்க கையில ஒப்படைக்கறதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துச்சு. தண்ணி வராதான்னு ஏங்கின ஊர்ல இருந்து வந்து தண்ணி வந்துடக் கூடாதேன்னு நின்ன நாள் அது.

நேத்து அந்தப் பையன் கிளாஸுக்கு நான் மறுபடி போனேன். மேல தண்ணி இல்லாத ஆறு அடியில எப்படி ஓடும்னு போர்டுல குறுக்குவெட்டுப் படம் போட்டு, மணல், ஊத்து, களிமண் எல்லாம் குறிச்சு, ஃபலஜையும் ஊத்துக்கால்வாயையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சேன். சிலபஸ்ல இல்ல, ஒரு பீரியட் போச்சு, பரவால்ல. அவன் நோட்ல வரைஞ்சுட்டு, இது இப்பவும் இருக்கா மேம்னு கேட்டான். கொஞ்ச நேரம் பதில் வரல எனக்கு. வர்ற ஜூலை லீவுல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்னேன்.

இன்னிக்கு சாயங்காலம் மலைப்பக்கம் மேகம் கருக்குது, மழை எச்சரிக்கை மெசேஜ் வந்திருக்கு. வழக்கம் போல நைனாவுக்குத் தான் மொதல்ல போன் போட்டேன். தண்ணி வரும் போலிருக்கு நைனான்னேன். அவருக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம்.

"நம்ம ஆத்துலயாமா?"ன்னாரு.