ரப்பர் ஸ்டாம்ப் முதல் பாலி ஷார்ட்ஸ் வரை: என் முதல் காம்ரேட்ஸ்

தென்னாப்பிரிக்க விசாவுக்காகச் சேலத்திலிருந்து இரவு ரயிலில் சென்னைக்குப் போன நான், ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இல்லாததால் அன்று இரவே திரும்பி வந்தேன். தென்னாப்பிரிக்காவில் நடக்கும் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்தை ஓடியவர்கள் எல்லோரும் மலைகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கவுன்ட்டர்தான்.

மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டிருந்தார்கள். நெட் பேங்கிங்கில் எடுத்து, பிரிண்ட் போட்டு, பின் அடித்துக் கொண்டுபோனேன். விண்ணப்ப மையத்தில் இருந்த பையன் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "பேங்க் சீல் இல்லையே மேடம்" என்றான். "லிஸ்ட்ல சீல்னு போடலையே தம்பி" என்றேன். "எல்லாரும் போட்டுத்தான் கொண்டு வராங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனை அழுத்திவிட்டான். ஆட்டோ பிடித்து, என் வங்கியின் பக்கத்துக் கிளைக்கு ஓடினேன். அங்கிருந்த அம்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "அக்கவுன்ட் எந்த பிராஞ்சோ அங்கதான் போடுவாங்க" என்றார். மணி மூன்றரை. எழும்பூர் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, அந்த வார இறுதியில் ஓட வேண்டிய 45 கிலோமீட்டர் போனதே என்று அழுதேன்.

ஆகவே முதல் விஷயம்: ஸ்டேட்மென்ட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் சீலும் கையெழுத்தும் உங்கள் சொந்தக் கிளையில் வாங்கிவிடுங்கள். லீவு கடிதம் பள்ளியோ கம்பெனியோ, லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும். அப்புறம் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. தகுதிக்காக ஓடிய மாரத்தானில் நான் பதிவு செய்தது வெறும் இனிஷியலோடு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெயில் மேல் மெயில் போட்டு நிரூபிக்க வேண்டியதாயிற்று. தகுதி ஓட்டத்துக்குப் பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரை எழுதுங்கள். இரண்டாவது முறை விண்ணப்பித்து, விசா கைக்கு வந்தது விமானத்துக்கு ஐந்து நாள் முன்பு. அதுவரை ஒரு இரவும் சரியாகத் தூங்கவில்லை. ஓட்டத்துக்கு முந்தைய வாரங்களில் பயிற்சியைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். என் உடம்பு படுத்திருந்தது, மனசுதான் ஓடிக்கொண்டே இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: காம்ரேட்ஸ் 1921 முதல் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே நடக்கிறது. முதல் உலகப் போரில் உடன் நின்று இறந்த தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் என்பவர் தொடங்கியது. கடலோர டர்பனிலிருந்து கிளம்பினால் ஏற்ற ஓட்டம், எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பினால் இறக்க ஓட்டம். 2024 ஜூன் 9 அன்று நான் ஓடியது ஏற்றம், 85.91 கிலோமீட்டர். முடிக்க 12 மணி நேரம். அந்த வருடம் தொடக்கத் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து முடிவுத் துப்பாக்கிச் சத்தம் வரை கணக்கு. கூட்டத்தின் பின்னால் நின்றிருந்து தொடக்கக் கோட்டை எட்டு நிமிடம் கழித்துத் தாண்டினால், அந்த எட்டு நிமிடம் ஓடுகிறவரின் நஷ்டம். தகுதி பெற ஒரு மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்திருக்க வேண்டியிருந்தது. அதை நான் ஒன்பது நிமிட மிச்சத்தில் முடித்தேன்.

சேலத்தில் இருப்பதில் ஒரு பெரிய வசதி, ஏற்காடு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு நான் ஏறுவேன். என் கணவர் பின்னால் ஸ்கூட்டரில் வெளிச்சம் காட்டிக்கொண்டே வருவார். அவர் முன்பெட்டியில் வாழைப்பழம், உப்புப் போட்ட உருளைக்கிழங்கு, ஓ.ஆர்.எஸ். பாட்டில். முதல் இரண்டு மாதம் எல்லா வளைவையும் ஓடியே ஏற வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒருநாள் அவர்தான் கேட்டார்: "நீ ஓடுறப்பவும் ஸ்பீடோமீட்டர் ஏழு காட்டுது, வேகமா நடக்குறப்பவும் கிட்டத்தட்ட ஏழுதான் காட்டுது. எதுக்கு இப்படி மூச்சு வாங்குற?" அன்றிலிருந்து செங்குத்தான ஏற்றங்களில் கைகளை வீசி வேகமாக நடப்பதையே ஒரு பயிற்சியாக எடுத்துக்கொண்டேன். 12 மணி நேரத்தில் முடிக்க சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 22 வினாடி போதும். அந்தக் கணக்கில் நடைக்கு நிறைய இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை களைத்த காலோடு சமதளத்தில் இன்னொரு 25 கிலோமீட்டர். உச்சபட்ச வாரத்தில் 95 கிலோமீட்டர். ஏற்காட்டிலிருந்து இறங்கி ஓடுவதை மட்டும் மாதம் ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் தொடைத் தசையைக் கிழிக்கும். ஒரு வாரம் படி இறங்க முடியாது.

இதெல்லாம் சரியாகத்தான் போனது. மார்ச்சில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தத் தப்பை நம் வெயிலில் ஓடுகிற யாரும் செய்யலாம்.

அன்று 50 கிலோமீட்டர் லாங் ரன். வெயிலுக்குப் பயந்து மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் வெறும் தண்ணீர் குடித்தேன். தாகம் இல்லாதபோதும் குடித்தேன். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் மோதிரம் இறுகியது. விரல்கள் பலூன் மாதிரி வீங்கியிருந்தன. தலைவலி, குமட்டல். "தண்ணி பத்தலை போலிருக்கு" என்று இன்னும் குடித்தேன். வீட்டுக்கு வந்து எடை பார்த்தால், ஓடப் போகும்போது இருந்ததைவிட ஒன்றரைக் கிலோ அதிகம். அப்புறம் வாந்தி. பக்கத்திலிருந்த கிளினிக்கில் என் டீஷர்ட்டையும் வியர்வையையும் பார்த்துவிட்டு, "டீஹைட்ரேஷன்தான், டிரிப்ஸ் போடுங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார் டாக்டர். என் கணவர் மறித்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனை செய்தால்தான் ஆச்சு என்று நின்றார். சோடியம் 128. குறைந்தது 135 இருக்க வேண்டும். உடனே வேறொரு பெரிய மருத்துவமனைக்குப் போய் ஒரு நாள் அட்மிட் ஆனேன்.

நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் தாழ்ந்துபோவதை டிம் நோக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் 1985லேயே எழுதிவிட்டார். அவர் பார்த்தவர்களில் இதே காம்ரேட்ஸில் ஓடியவர்களும் உண்டு. எனக்கு அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தபோதுதான் தெரிந்தது. தாகம் எடுத்தால் குடியுங்கள், அது போதும். உப்பு மாத்திரை விழுங்கிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பதும் தப்பு. ஓடும்போது புரூஃபென் மாதிரி வலி மாத்திரையும் வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆபத்து. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஏறியிருந்தால் அது அபாய மணி.

அந்த ஒரு நாள் என் பயிற்சியையே திருப்பிப் போட்டது. அதுவரை மன உறுதி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் ஓடுவது என்று நம்பியிருந்தேன். ஆனால் மூளையே குழம்பிப்போன நேரத்தில் எடுக்கிற முடிவை எப்படி நம்புவது? அதனால் தெளிவாக இருக்கும்போதே முடிவுகளை எழுதி வைத்தேன். மூன்றே விதி, இடது கை மணிக்கட்டில் மார்க்கரில். ஒன்று, உட்காரக் கூடாது. இரண்டு, பசிக்கு முன் சாப்பிட வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை. மூன்று, விலகலாம் என்று தோன்றினால், உப்பு உருளைக்கிழங்கும் கோலாவும் சாப்பிட்டு இருபது நிமிடம் நடந்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டும். லாங் ரன்களில் இந்த மூன்றாவது விதியைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தேன். மனசு விட்டுப்போச்சு என்று நான் நினைத்த நேரங்களில் பாதிக்கு மேல், வயிறு காலியாக இருந்ததுதான் காரணம்.

டர்பன், எண் வாங்குவது, ஹோட்டல் எல்லாம் ஒரு சிக்கலும் இல்லை. காலை ஐந்தரைக்கு நகர மண்டபத்தின் முன் இருட்டில் ஆயிரக்கணக்கானோர் பாடினார்கள். சேவல் கூவும் ஒலி, துப்பாக்கி வெடி. கோட்டைத் தாண்ட எனக்கு ஏழு நிமிடம்.

கௌவீஸ் ஹில்லில் அடக்கமாக நடந்தேன். ஃபீல்ட்ஸ் ஹில்லில்தான் தப்பு செய்தேன். மூன்று கிலோமீட்டர் ஏற்றம், இரண்டு பக்கமும் கூட்டம், பிப்பில், அதாவது மார்பில் குத்தியிருக்கும் எண் அட்டையில், இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கூட்டம் கூப்பிட்டால் கால் ஓடிவிடுகிறது. இது இனாமாக வந்த வேகம் மாதிரித் தோன்றும், இல்லை. நாற்பதாவது கிலோமீட்டரிலேயே தொடை கனத்தது. ஆர்தர் நியூட்டன் என்ற ஐந்து முறை வென்ற ஓட்டக்காரர் உட்கார்ந்து இளைப்பாறியதாகச் சொல்லும் ஒரு பள்ளம் பாறையில் இருக்கிறது. அங்கே பூ வைத்து வணக்கம் சொன்னால் இரண்டாம் பாதி நன்றாகப் போகுமாம். நான் சாலையோரம் பறித்த ஒரு புல்லை வைத்துவிட்டு நகர்ந்தேன். டிரம்மண்டில் பாதி வழி, 5 மணி 50 நிமிடம். பத்து நிமிடம்தான் கையிருப்பு.

இன்சாங்கா மலையை ஏறி இறங்கியதும், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் படிக்கும் எதெம்பெனி பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் வரிசையாகக் கை நீட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கையையும் தொட்டுக்கொண்டே போனேன். அதற்காக இழந்த வினாடிகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஹாரிசன் ஃப்ளாட்ஸ். பெயருக்கு ஏற்ற மாதிரி தட்டையான, நிழலே இல்லாத நீளச் சாலை. அங்கேதான் எல்லாம் கழன்றது. மலையில் நடக்க ஒரு காரணம் இருக்கிறது, இங்கே நடந்தால் வெறும் தோல்வி மாதிரி இருந்தது. சாலையோரம் விலகியவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி கதவைத் திறந்து நின்றது. உள்ளே ஒருவர் போர்வை போர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவர் பக்கத்து சீட் காலி. அந்த சீட்டின் நீல உறை இப்போதும் கண்ணில் நிற்கிறது. மணிக்கட்டைப் பார்த்தேன். உருளைக்கிழங்கு இரண்டு, கோலா ஒரு கப், இருபது நிமிட நடை. பதினான்காவது நிமிடத்தில் பின்னாலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

12 மணி நேர பஸ். வண்டி இல்லை. கொடி பிடித்த ஒருவர் முன்னால் ஓட, நூறு பேருக்கு மேல் அவர் பின்னால் ஒரே தாளத்தில் ஓடும் கூட்டம். அவரை டிரைவர் என்றுதான் சொல்கிறார்கள். அவர் கை காட்டினால் எல்லோரும் நடக்கிறார்கள், மறுபடி கை காட்டினால் ஓடுகிறார்கள். அதற்குள் புகுந்துகொண்டேன். பேசத் தேவையில்லை, கணக்குப் போடத் தேவையில்லை. முன்னால் ஓடும் பெண்ணின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு எட்டு கிலோமீட்டர் வந்துவிட்டேன். கேம்பர்டவுன் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் என் பிப்பைப் பார்த்தது. அதில் வயதான அம்மா எழுந்து, "வணக்கம்!" என்று கத்தினார். 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்தவராக இருக்கலாம். வேறு தமிழ்ச் சொல் அவருக்கு வரவில்லை. அந்த ஒரு சொல்லை மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை கும்பிட்டேன்.

பாலி ஷார்ட்ஸ் என்ற கடைசிப் பெரிய ஏற்றம் 77ஆவது கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. ஓடுகிறவர் யாரும் இல்லை, நானும் நடந்தேன். ஏற்காட்டில் நடந்த அதே நடை. பஸ்ஸை விட்டு முன்னால் வந்தது அங்கேதான், கை வீசி நடக்கப் பழகியிருந்ததால். உச்சியிலிருந்து இன்னும் ஏழு கிலோமீட்டருக்கு மேல். ஸ்காட்ஸ்வில் குதிரைப் பந்தய மைதானத்துக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. 11 மணி 52 நிமிடம். கழுத்தில் போட்ட மெடல் நம் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுதான், செம்பு நிறம், விக் கிளாப்பம் பெயர்.

நான் போகாமல் கோட்டோரம் நின்றேன். 12 மணி நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு அதிகாரி ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார், யார் எங்கே வருகிறார்கள் என்று பார்க்கக் கூடாது என்பதற்காக. துப்பாக்கி வெடித்தது. கோட்டுக்கு நாலு எட்டு இருக்கும்போது ஒருவர் நின்றுவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் ஓடி வந்த ஒருவர் அவரைத் தாங்கிப் பிடித்தார். அவருக்கு மெடல் கிடையாது. முடிவுப் பட்டியலில் பெயரும் வராது. யாரோ என் பக்கத்திலிருந்து அவருக்குத் தண்ணீர் நீட்டினார்கள். என் கையில் மிச்சமிருந்த உப்பு உருளைக்கிழங்கை நான் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, மென்றபடியே, "அடுத்த வருடம் இறக்கம்தானே?" என்று கேட்டார்.