மேட்டில் மட்டும் பேச்சு நின்ற கியர்பாக்ஸ்

"சரக்கோடு மேடு ஏறினால்தான் வருகிறது அண்ணா. திரையில் கியர் எண் மறைந்து கோடு விழுகிறது. அப்புறம் எந்தக் கியரில் இருந்ததோ அதிலேயே நின்றுவிடுகிறது." ஓட்டுநர் சொன்ன இந்த மூன்று வாக்கியங்களை அப்படியே வேலைச் சீட்டில் எழுதிக்கொண்டேன். காலி வண்டியில் ஒருமுறைகூட வந்ததில்லை என்றும் சொன்னார். அதையும் எழுதி, அடியில் கோடு போட்டேன்.

எனக்கு முன் இரண்டு பட்டறைகள் அந்த லாரியைப் பார்த்திருந்தன. ஒன்றில் கியர்பாக்ஸின் கண்ட்ரோல் யூனிட்டையே மாற்றிவிட்டார்கள். கழற்றிய பழைய யூனிட் சாக்கில் சுற்றி இருக்கைக்குப் பின்னால் கிடந்தது. புதியதைப் போட்ட மறுவாரமே அதே கோளாறு. ஒரு லாரியை வைத்துப் பிழைக்கும் உரிமையாளருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அளந்து பார்க்காமல் யூனிட் மாற்றுவது எனக்குத் தாங்க முடியாத கோபம் வரவழைக்கும் விஷயம்.

ஸ்கேனரைச் செருகியதும் கியர்பாக்ஸில் எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9 பதிவாகியிருந்தது. எஸ்பிஎன் கோளாறு எந்தப் பகுதியில் என்பதையும், எஃப்எம்ஐ அது என்ன வகை என்பதையும் சொல்லும் எண்கள். 639 என்றால் ஜே1939 நெட்வொர்க், அதாவது லாரியின் யூனிட்கள் இரண்டு வயர்கள் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்பு. 9 என்றால் செய்தி வரவேண்டிய வேகத்தில் வரவில்லை. இந்தக் குறியீடு யாருக்குச் செய்தி வரவில்லை என்பதைத்தான் சொல்கிறது. யார் அனுப்பவில்லை, வழியில் எங்கே அறுந்தது என்பதை நாம்தான் தேட வேண்டும். கியர்பாக்ஸ் புகார் சொன்னதால் கியர்பாக்ஸ் யூனிட்டை மாற்றியது, தந்தி வரவில்லை என்று சொன்னவரையே வீட்டைவிட்டு வெளியேற்றியதுபோல் ஆகிவிட்டது.

நான் முதலில் செய்வது, எல்லா யூனிட்களின் புகார்களையும் ஒரு தாளில் எழுதுவது. இந்த நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. எஞ்சினுக்கு 0, கியர்பாக்ஸுக்கு 3, பிரேக்குக்கு 11. இந்த வண்டியில் எஞ்சின், பிரேக், டேஷ்போர்டு மூன்றுமே 3 பேசவில்லை என்றன. 3 மட்டும் யாருடைய பேச்சும் கேட்கவில்லை என்றது. மற்றவை தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்க ஒருவர் மட்டும் தனித்துவிட்டால், அறுந்திருப்பது முதன்மை வயர் அல்ல, அவருக்குப் போகும் கிளை. அல்லது அவருக்கு மின்சாரம் போகவில்லை. பவரையும் எர்த்தையும் ஹெட்லைட் பல்பைப் போட்டு லோடில் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

தானே கியர் மாற்றும் இந்த வகை கியர்பாக்ஸுக்கு நெட்வொர்க் போனால் கைகால் கட்டியதுபோல்தான். கியரைக் கழற்றும் முன் எஞ்சினிடம் டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, குறைக்கச் சொல்ல வேண்டும், அடுத்த கியருக்கு ஏற்ற சுழற்சிக்கு வரச் சொல்ல வேண்டும், மாட்டியபின் கட்டுப்பாட்டைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கட்டளை 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை போகும். பேச்சு நின்றால் இருந்த கியரிலேயே நிற்பதுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு.

முந்தைய பட்டறைக்காரர்கள் ஓம் அளக்காமல் இல்லை. 60 ஓம் வந்ததாக ஓட்டுநரே சொன்னார். நானும் பேட்டரியைத் துண்டித்துவிட்டு, ஸ்கேனர் செருகும் ஒன்பது பின் கனெக்டரில், நெட்வொர்க்கின் இரு வயர்களும் வந்து சேரும் சி, டி பின்கள் இரண்டுக்கும் நடுவே அளந்தேன். 60 ஓம்தான். முதன்மை வயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கிறது. இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 60. ஒன்று விட்டுப்போனால் 120 காட்டும், யாரோ மூன்றாவதைச் செருகியிருந்தால் 40. ஆனால் கியர்பாக்ஸுக்குப் போகும் கிளை முழுவதுமாக அறுந்து தொங்கினாலும் இந்த இடத்தில் 60 தான் காட்டும், ஏனென்றால் அந்த ரெசிஸ்டர்கள் கிளையில் இல்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் "வயரிங் சரி, யூனிட் போய்விட்டது" என்று முடிவுகட்டுகிறார்கள். சில வண்டிகளில் ஒரு ரெசிஸ்டர் யூனிட்டுக்குள்ளேயே இருக்கும் என்பதால், அளக்கும் முன் அந்த வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

வண்டிக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸ் கனெக்டரைக் கழற்றினேன். துளைகளில் மீட்டரின் தடித்த முனையைத் திணிக்கக் கூடாது. பிடிப்பு விரிந்துபோகும், நாமே ஒரு புதுக் கோளாறை உண்டாக்கிவிடுவோம். அதே அளவுள்ள ஒரு பின்னை வயரில் கிரிம்ப் செய்து வைத்திருக்கிறேன். நெட்வொர்க்கின் இரு வயர்களில் மஞ்சள் வயரின் துளையில் அதைச் செருகியபோது இறுக்கமாகப் பிடித்தது. பச்சை வயரின் துளையில் செருகினேன். பிடிப்பே இல்லை. பின்பக்கம் வைத்திருந்த கட்டைவிரலில் பச்சை வயர் மெதுவாக வெளியே வந்து முட்டியது.

டார்ச் அடித்துப் பார்த்தால், மற்ற டெர்மினல்கள் ஒரே மட்டத்தில் இருக்க, அது மட்டும் அரை நூல் உள்வாங்கியிருந்தது. டெர்மினல்களைப் பூட்டும் பிளாஸ்டிக் ஆப்பைக் காணவில்லை. மேலே பார்த்தேன். வயர்க் கொத்தைச் சேஸிஸோடு சேர்த்து, தளர்வே இல்லாமல் டேக் போட்டு இறுக்கியிருந்தார்கள். எப்போதாவது கியர்பாக்ஸ் இறக்கினீர்களா என்று கேட்டேன். கிளட்ச் மாற்றும்போது இறக்கியதாக ஓட்டுநர் சொன்னார்.

அதோடு எல்லாம் பொருந்தியது. முழுச் சரக்கோடு மேடு ஏறும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் மவுண்டிங்கில் சற்றுத் திரும்பும். கட்டிய வயர் இழுபடும். பூட்டில்லாத டெர்மினல் பின்வாங்கும். பச்சை வயரின் தொடர்பு போனபின் மஞ்சள் ஒன்றை மட்டும் வைத்து அந்த யூனிட்டால் ஒழுங்காகப் பேசவும் முடியாது, கேட்கவும் முடியாது. பிழைகள் எண்ணிக்கை மீறியதும் நெட்வொர்க்கிலிருந்து தானே விலகிக்கொள்ளும்.

புது டெர்மினல், புது ஆப்பு, கை நுழையும் அளவுக்கு வயரில் ஒரு வளைவு. கிளையில் 60 ஓம், ஆட்டினாலும் இழுத்தாலும் அசையாமல் நின்றது. சுவிட்சைப் போட்டபின் மஞ்சளில் 2.7 வோல்ட், பச்சையில் 2.3. பிறகு சரக்கோடு அதே மேட்டில் ஓட்டுநர் ஓட்ட, நான் பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்து மூன்று முறை ஏறினோம். கியர் எண் ஒருமுறைகூட மறையவில்லை.

இறங்கியதும் சாக்கிலிருந்த பழைய யூனிட்டை எடுத்து உரிமையாளர் கையில் கொடுத்தேன். "இதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள் ஐயா, இதன்மேல் எந்தக் குற்றமும் எனக்குத் தெரியவில்லை" என்றேன். அவர் அதை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.