வெள்ளவத்தைச் சந்தையில் ட்ராக் பொட்டம்

இப்போதெல்லாம் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் பேரம் பேசும் அன்ரிமார் பலர் ட்ராக் பொட்டமும் ஓட்டச் சப்பாத்துமாகத்தான் நிற்கிறார்கள். காலையில் மரைன் டிரைவில் நடை, அப்படியே சந்தை, அப்படியே பிள்ளையின் ரியூஷன் வாசல். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

கொழும்புப் புழுக்கத்தில் பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இந்த உடைகளின் பொலியெஸ்டர் துணி ஈரத்தை உள்ளே வாங்காது. மேலே பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும். (மணம் மட்டும் லேசில் போகாது, அன்றே துவைக்க வேண்டும்.) இழுபடும் குணம் ஸ்பான்டெக்ஸ் இழையால் வருவது. 1958இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது அது.

நைக்கி, லுலுலெமன் போன்ற வெளிநாட்டு விளையாட்டு உடைப் பெயர்களுக்கு நம் நாட்டிலேயே தைக்கிறார்கள். மாஸ் என்ற நம் நாட்டு ஆடைத் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கிளிநொச்சியிலும் தொழிற்சாலை இருக்கிறது. இந்த உடைக்கு மவுசு ஏறினால் தைக்கும் பெண்களின் சம்பளமும் ஏற வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

என் சித்தி கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவர். புறக்கோட்டையில் லெகின்ஸ் வாங்கப் போனால் முதலில் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார். தையல் புடைக்காமல் துணியோடு தட்டையாகப் படுத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நடக்க நடக்கத் தொடையை உரசும். அப்புறம் கவட்டில் வைத்துத் தைக்கும் சிறு துண்டு. அது இல்லாவிட்டால், நாலு தையலும் ஒரே புள்ளியில் சந்தித்து, குந்தி எழும்பும்போது பிரிந்துவிடும் என்பார். சரி, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்பார்.